கிறிஸ்டோவும் ழான்-குளோடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்டோ, ழான்-குளோட் என்ற பெயர்களைச் சொன்னால் பலருக்கும் சட்டென்று பிடிபடாது. "பெர்லினில் நாடாளுமன்றக் கட்டிடத்தையே துணியால் போர்த்தினார்களே, அந்தக் கணவன் மனைவி" என்றால் முகம் மலரும். அடுத்த நிமிடமே கேள்விகள் வரும். பணம் யார் கொடுத்தது, எதற்காக இத்தனை பாடு, இரண்டே வாரத்தில் ஏன் பிரித்து எடுத்தார்கள்? பல வருடங்களாக இந்த இருவரின் வேலைகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இவர்கள்?

கிறிஸ்டோ பல்கேரியாவின் கப்ரோவோ நகரில் பிறந்தவர். ழான்-குளோட் மொரோக்கோவின் காசாபிளாங்காவில், பிரெஞ்சு ராணுவக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸில் சந்தித்து, 1964-இல் நியூயார்க்கில் குடியேறி, ஐம்பது ஆண்டுகள் சேர்ந்தே வாழ்ந்து சேர்ந்தே வேலை செய்தார்கள். கடற்கரை, மலைப் பள்ளத்தாக்கு, தீவுகள், பாலம், பூங்கா, ஏரி என்று உலகின் பல மூலைகளில் துணியையும் கயிற்றையும் இரும்புக் கம்பத்தையும் வைத்து மாபெரும் படைப்புகளை உருவாக்கினார்கள். அவற்றில் எதுவுமே இன்று அந்த இடத்தில் இல்லை.

இருவருக்கும் ஒரே பிறந்தநாள் என்பது உண்மையா?

உண்மைதான். இருவரும் பிறந்தது 13 ஜூன் 1935.

எப்படிச் சந்தித்தார்கள்?

1958-இல் பாரிஸ் வந்து சேர்ந்த கிறிஸ்டோவிடம் காசும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக வசதியான வீடுகளில் உருவப்படம் வரைந்து கொடுத்தார். அப்படித்தான் ழான்-குளோடின் அம்மாவை வரைய அந்த வீட்டுக்குள் நுழைந்தார். அந்த உருவப்படங்களில் அவர் யவாஷெவ் என்ற குடும்பப் பெயரைத்தான் கையெழுத்தாகப் போட்டார். கிறிஸ்டோ என்ற பெயரைத் தன் சொந்தக் கலைக்காக வைத்துக்கொண்டார்.

ழான்-குளோடுக்கு அப்போது வேறொருவருடன் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அந்தத் திருமணம் நடக்கவும் செய்தது, ஆனால் மிகச் சில நாட்களில் அதை விட்டு வெளியேறி கிறிஸ்டோவிடம் வந்துவிட்டார். 1960-இல் மகன் சிரில் பிறந்தான். ஒரு தளபதி வீட்டுப் பெண், நாடற்ற அகதி ஒருவரை நம்பித் தன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார். இந்த இருவரின் சாகசங்களில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன்.

அகதியா? கிறிஸ்டோ ஏன் தன் நாட்டை விட்டு வந்தார்?

அன்றைய பல்கேரியாவில் அரசு விரும்பிய கலைக்கு மட்டுமே இடம் இருந்தது. கிறிஸ்டோ சோஃபியா நகரக் கலைக் கல்லூரியில் படித்தார். வார இறுதிகளில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்புவார்களாம். ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயில் போகும் பாதையோரம் இருக்கும் விவசாயிகள் வைக்கோலை அழகாக அடுக்குவதற்கும், இயந்திரங்களைத் தார்ப்பாய் போட்டு ஒழுங்காக நிறுத்துவதற்கும் மாணவர்கள் யோசனை சொல்ல வேண்டும். ரயிலில் போகும் மேற்கு நாட்டுப் பயணிகளின் கண்ணுக்கு நாடு செழிப்பாகத் தெரியவேண்டும் என்பது நோக்கம். அந்த வேலையை அவர் வெறுத்தார். ஆனால் திறந்த வெளியில் பொருட்களை எப்படி நிறுத்துவது, முன்பின் தெரியாத கிராமத்து மனிதர்களிடம் எப்படிப் பேசுவது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பின்னாளில் அந்த இரண்டும்தான் அவருக்குக் கைகொடுத்தன.

1956-இல் பிராக் நகருக்குப் போனார். 1957 ஜனவரியில் ஒரு சரக்கு ரயிலில் ஒளிந்துகொண்டு வியன்னாவுக்குத் தப்பினார். அங்கிருந்து ஜெனீவா, அப்புறம் பாரிஸ். அன்று முதல் 1973-இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும்வரை அவர் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. யாருக்கும் கட்டுப்படாமல் வேலை செய்யவேண்டும் என்று அவர் கடைசிவரை பிடிவாதமாக இருந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பதினாறு, பதினேழு வருடங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துணியால் போர்த்துவதில் என்ன கலை இருக்கிறது?

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். போர்த்துவது என்றால் மறைப்பது மட்டும் இல்லை என்பது நமக்குத் தெரியும்.

ஒரு பழைய கட்டிடத்தைத் தினமும் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்து அது கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதன்மேல் துணி விழுந்ததும் சிற்பங்களும் ஜன்னல்களும் மறைந்து, கட்டிடத்தின் உடல்வாகு மட்டும் மிஞ்சுகிறது. காற்று வீசும்போது துணி அசைகிறது, காலை வெயிலில் ஒரு நிறம், அந்தியில் வேறு நிறம். நூறு வருடம் அசையாமல் நின்ற கல், மூச்சு விடுவதுபோல் தெரிகிறது. பிறகு துணியை எடுத்துவிட்டாலும் அந்த இடத்தைப் பழையபடி அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

இன்னொரு விஷயம். இவர்களைப் 'பொட்டலம் கட்டுபவர்கள்' என்று சுருக்குவது தவறு. போர்த்தியது சிலவற்றை மட்டுமே. வேலி, திரை, குடைகள், வாயில்கள், மிதக்கும் பாதை என்று மற்றவை எல்லாம் வேறு வேறு வடிவங்கள். ஆரம்பகால வேலை ஒன்றில் துணியே கிடையாது. பெர்லின் சுவர் எழுந்த மறுவருடம், 1962 ஜூனில், பாரிஸின் ஒடுக்கமான தெருக்களில் ஒன்றான விஸ்கோந்தித் தெருவை எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கிச் சுவர்போல் அடைத்தார்கள். அனுமதி வாங்கவில்லை. போலீஸ் வந்தபோது ழான்-குளோட்தான் பேசிப் பேசிச் சில மணி நேரம் அதை நிற்க வைத்தார்.

உலகப் பயணம் என்கிறார்களே, எங்கெல்லாம் போனார்கள்?

சுற்றுலாப் பயணியாக இவர்கள் போனது குறைவு. ஒரு யோசனை தோன்றும், அதற்கான இடத்தைத் தேடிப் புறப்படுவார்கள். இடம் கிடைத்தபின் அங்கேயே திரும்பத் திரும்பப் போவார்கள், சில சமயம் பத்துப் பதினைந்து வருடங்கள்.

1969-இல் ஆஸ்திரேலியா. சிட்னிக்குத் தெற்கே லிட்டில் பே என்ற இடத்தில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளப் பாறைக் கடற்கரையை, மண்ணரிப்பைத் தடுக்கப் பயன்படும் துணியால் போர்த்தினார்கள். துணி 10 லட்சம் சதுர அடி, கயிறு 56 கிலோமீட்டர். செங்குத்துப் பாறைகளில் இறங்க 15 மலையேற்ற வீரர்கள், அவர்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட வேலையாட்கள். எல்லாருக்கும் கூலி உண்டு. 11 கட்டிடக்கலை மாணவர்கள் மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். அலை வந்து மோதிக்கொண்டிருக்கும் பாறையில் கயிறு கட்டும் வேலையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

அடுத்தது அமெரிக்காவின் கொலராடோ. இரண்டு மலைச் சரிவுகளுக்கு நடுவே 381 மீட்டர் அகலத்தில் ஒரு ஆரஞ்சு நிறத் திரை. 1971-இல் முதல் முயற்சியில் துணி காற்றில் அவிழ்ந்து கிழிந்தது. மறுபடி தைத்து, 1972 ஆகஸ்ட் 10 அன்று கட்டி முடித்தார்கள். 28 மணி நேரம் நின்றது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்த புயற்காற்று அதை இறக்க வைத்தது. இரண்டு வருட உழைப்புக்கு ஒரு நாளும் நான்கு மணி நேரமும். ஆனாலும் அவர்கள் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன்.

ஓர் ஆற்றைத் தேடி அவர்கள் போன பயணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓடும் ஆற்றின்மேல் பந்தல்போல் துணி விரிக்கவேண்டும் என்பது யோசனை. அதற்கான ஆற்றைத் தேடி 1992, 1993, 1994 ஆகிய மூன்று வருடங்களின் ஆகஸ்ட் மாதங்களிலும் ராக்கி மலைத்தொடரில் காரில் அலைந்தார்கள். மொத்தம் 22,000 கிலோமீட்டருக்கும் மேல் சுற்றி, 89 ஆறுகளைப் பார்த்தார்கள். கடைசியில் கொலராடோவின் ஆர்க்கன்சா ஆற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜப்பானில் வேறு மாதிரி. 1991-இல் இபராகி பகுதியில் 1,340 நீலக் குடைகளும் கலிபோர்னியாவில் 1,760 மஞ்சள் குடைகளும் ஒரே நேரத்தில் விரிந்தன. ஒவ்வொன்றும் 6 மீட்டர் உயரம், எட்டரை மீட்டருக்கும் மேல் அகலம். நெல்வயலும் நீரும் நிறைந்த பள்ளத்தாக்குக்கு நீலம், காய்ந்த புல்வெளிக் குன்றுகளுக்கு மஞ்சள். ஜப்பானில் மட்டும் 459 நில உரிமையாளர்களின் சம்மதம் தேவைப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து தேநீர் குடிக்காமல் பேச்சு ஆரம்பிக்காது. அந்தச் சம்மதத்துக்காகத் தாங்கள் குடித்தது 6,000 கோப்பைத் தேநீர் என்று பிற்பாடு அவர்களே கணக்குச் சொன்னார்கள்.

அனுமதி வாங்கவே ஏன் இத்தனை வருடங்கள்?

உலகத்தில் ஒவ்வொரு அங்குல இடமும் யாரோ ஒருவருக்குச் சொந்தம். தெருவும் ஆறும் தீவும்கூட. அந்த 'யாரோ ஒருவரை' நேரில் பார்த்துப் பேசி, அவர் மனதை மாற்றுவதையும் தங்கள் படைப்பின் பகுதியாகவே இவர்கள் பார்த்தார்கள். அப்படியானால் துணி விரிந்திருக்கும் இரண்டு வாரம் மட்டும் படைப்பு ஆகாது. அதற்கு முந்தைய பத்து, இருபது வருடங்களும், திட்டியவர்களும், வழக்குப் போட்டவர்களும் எல்லாரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். இவர்களிடம் என்னை முதலில் ஈர்த்தது இந்த நினைப்புதான்.

கலிபோர்னியாவின் 'ஓடும் வேலி' இதற்கு நல்ல உதாரணம். ஐந்தரை மீட்டர் உயரத்தில், 39 கிலோமீட்டர் நீளத்துக்கு, குன்றுகளின்மேல் ஏறி இறங்கி ஓடும் வெள்ளைத் துணி வேலி. 59 பண்ணைக்காரர்களின் நிலம் வழியாகப் போகவேண்டும். கிறிஸ்டோவின் ஆங்கிலம் தட்டுத்தடுமாறும், ழான்-குளோட் கூட வருவார். மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு இவர்கள் முதலில் விசித்திரமாகத்தான் தெரிந்திருப்பார்கள். ஆனால் சமையலறை மேசையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் பேசிப் பேசி நண்பர்களாகிவிட்டார்கள். 18 பொது விசாரணைகள், மூன்று முறை நீதிமன்றம், 450 பக்கச் சுற்றுச்சூழல் அறிக்கை.

அந்த விசாரணைகள் ஒன்றில் எதிர்ப்பாளர்கள், "இரண்டு வாரத்தில் காணாமல் போவது எப்படிக் கலையாகும்?" என்று வாதிட்டார்கள். அப்போது ஒரு பண்ணை வீட்டுப் பெண் எழுந்தார். சில நாள் நான் பாடுபட்டுச் சமைக்கும் சாப்பாடு ஒரு கலைப்படைப்புதான், அதுவும் சாப்பிட்டதும் காணாமல் போய்விடுகிறதே என்ற பொருளில் பேசினார். எந்த விமர்சகரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பெர்லின் நாடாளுமன்றம்?

அதற்கு 24 வருடங்கள். 1971-இல் பெர்லினில் வாழ்ந்த மைக்கேல் கல்லன் என்ற அமெரிக்கர், ரைக்ஸ்டாக் கட்டிடத்தைப் போர்த்தினால் என்ன என்று கேட்டு ஒரு தபால் அட்டை அனுப்பினார். அதிலிருந்து தொடங்கியது. அப்போது அந்தக் கட்டிடத்தை ஒட்டியே பெர்லின் சுவர் ஓடியது. கிழக்கும் மேற்கும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்யவேண்டும் என்பது, கிழக்கிலிருந்து தப்பி வந்த கிறிஸ்டோவுக்குச் சொந்த விஷயம்.

1977, 1981, 1987 என்று மூன்று முறை மறுத்தார்கள். 1989-இல் சுவர் விழுந்தது. நாடாளுமன்றத் தலைவர் ரீட்டா ஸூஸ்முத் ஆதரவு தந்தார், பிரதமர் ஹெல்முட் கோல் கடுமையாக எதிர்த்தார். கிறிஸ்டோவும் ழான்-குளோடும் அன்று நாடாளுமன்றம் இயங்கிய பான் நகருக்குப் போய் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். 1994 பிப்ரவரி 25 அன்று, இன்னும் உருவாகாத ஒரு கலைப்படைப்பைப் பற்றி நாடாளுமன்றமே முழுமையாக விவாதித்து ஓட்டுப் போட்டது. ஆதரவு 292, எதிர்ப்பு 223.

1995 ஜூனில் ஒரு லட்சம் சதுர மீட்டர் வெள்ளித் துணி, 15 கிலோமீட்டருக்கு மேல் நீலக் கயிறு. மலையேற்ற வீரர்கள் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கித் துணியை விரித்தார்கள். இரண்டு வாரத்தில் 50 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். ராத்திரியில் புல்வெளியிலேயே படுத்துக் கிடந்தார்கள். போரும் பிரிவினையும் பார்த்த ஒரு கட்டிடத்தின் முன்னால் மக்கள் அப்படி நிம்மதியாகப் படுத்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

அவர்களுடைய பணம்தான். விளம்பரதாரர் கிடையாது, அரசு மானியம் கிடையாது, நன்கொடை கிடையாது. பார்க்க வருபவர்களிடம் டிக்கெட்டும் இல்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் கிறிஸ்டோ நூற்றுக்கணக்கில் ஓவியங்கள், ஒட்டுப்படங்கள், மாதிரிகள் செய்வார். ழான்-குளோட் அவற்றை அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் விற்பார். வரும் பணம் அப்படியே அடுத்த துணிக்கும் கயிற்றுக்கும் கூலிக்கும் போகும். குடைகளுக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் செலவானது.

ஒரு திட்டம் முடிந்தபின் அதைப் பற்றிய ஓவியத்தைக் கிறிஸ்டோ வரையமாட்டார். விற்று லாபம் பார்க்க நல்ல வாய்ப்புதான், ஆனாலும் தொடமாட்டார். நியூயார்க்கில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடியில், நின்றுகொண்டே மணிக்கணக்கில் வரைவார். எண்பது வயது தாண்டியும் அந்தப் படிகளில் ஏறி இறங்கினார்.

ஒரே விமானத்தில் ஏறமாட்டார்களாமே?

ஆமாம். ஒரு விமானம் விழுந்தால் இன்னொருவர் வேலையை முடிக்கவேண்டும் என்பதற்காகத் தனித்தனி விமானங்களில்தான் போவார்கள். சேர்ந்து செய்யாத விஷயங்கள் மூன்று என்று ழான்-குளோட் சொல்வதுண்டு. சேர்ந்து பறப்பதில்லை, ஓவியம் வரைவது கிறிஸ்டோ மட்டும், வரிக்கணக்கரோடு உட்காருவது ழான்-குளோட் மட்டும்.

அப்படியென்றால் கலைஞர் கிறிஸ்டோதானே? மனைவி நிர்வாகி மட்டும்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் பொறுமை இழந்துவிடுவேன்.

ஆரம்ப வருடங்களில் எல்லாப் படைப்புகளும் 'கிறிஸ்டோ' என்ற ஒற்றைப் பெயரில்தான் வெளிவந்தன. ஒரு கலைஞருக்கே கதவு திறக்காத காலத்தில் இரண்டு பெயர் எடுபடாது என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. 1994-இல் இருவரும் சேர்ந்தே அதை மாற்றினார்கள். திறந்த வெளியில் செய்த பெரிய படைப்புகள் அனைத்துக்கும், பழையவை உட்பட, 'கிறிஸ்டோ மற்றும் ழான்-குளோட்' என்று பெயர் போட்டார்கள். ஓவியங்கள் மட்டும் கிறிஸ்டோ பெயரில். மயாமி அருகே 1983-இல் 11 தீவுகளைச் சுற்றி இளஞ்சிவப்புத் துணியை மிதக்கவிட்டார்களே, அந்த யோசனை ழான்-குளோடுடையது.

எங்கே, என்ன நிறம், எந்தத் துணி என்பதையெல்லாம் இருவரும் சண்டை போட்டு முடிவு செய்தார்கள். யார் முன்னால் வேண்டுமானாலும் உரக்கச் சண்டை போடுவார்களாம். ஒன்றாக ஒரு மலையைப் பார்த்து, ஒன்றாக ஒரு திரையைக் கற்பனை செய்து, ஒன்றாகக் கடன்பட்டு அதை நிறுத்துகிறவர்களில் யார் கலைஞர், யார் உதவியாள் என்று எப்படிப் பிரிப்பது?

விபத்துகள் நடந்ததா?

நடந்தது. குடைகள் திட்டத்தில் இரண்டு உயிர்கள் போயின. கலிபோர்னியாவில் பலத்த காற்று ஒரு குடையைப் பெயர்த்து எறிந்ததில் பார்க்க வந்திருந்த ஒரு பெண் இறந்தார். உடனே இரண்டு நாடுகளிலும் எல்லாக் குடைகளையும் மூடச் சொன்னார்கள். ஜப்பானில் குடைகளை அகற்றும்போது, மின்கம்பி தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். எவ்வளவு அழகான படைப்பாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேசுவது சரியில்லை.

கைவிட்ட திட்டங்கள் உண்டா?

நிறைய. முடித்தவற்றைவிடக் கைவிட்டவை அதிகம். 89 ஆறுகளைப் பார்த்துத் தேடிப் பிடித்த அந்த ஆர்க்கன்சா ஆற்றுத் திட்டமும் நடக்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் உழைத்து, சொந்தப் பணத்தையும் கொட்டி, வழக்குகளோடு போராடினார்கள். 2017 ஜனவரியில் கிறிஸ்டோவே அதைக் கைவிட்டார். ஆறு ஓடும் நிலம் அமெரிக்க மத்திய அரசுக்குச் சொந்தம், புதிதாகப் பதவியேற்ற அதிபர் டிரம்பின் அரசுக்கு நன்மை தரும் ஒன்றைத் தன்னால் செய்ய முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அப்போது அவருக்கு வயது 81. ழான்-குளோட் உயிரோடு இல்லை. அந்த முடிவுக்கு அவருக்கு எவ்வளவு மனவலிமை தேவைப்பட்டிருக்கும்!

சில மறுப்புகள் மாறவும் செய்தன. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நடைபாதைகள் மேல் காவித் துணி தொங்கும் வாயில்கள் வைக்க 1979-இல் யோசித்தார்கள், 1981-இல் மறுப்பு. 2005 பிப்ரவரியில் 7,503 வாயில்கள் 37 கிலோமீட்டர் நடைபாதைகளில் நின்றன. பனி கொட்டிய வெறும் மரங்களுக்கு நடுவே அந்தக் காவி நிறம்!

ஏன் நிரந்தரமாக விட்டுவைக்கவில்லை?

நிரந்தரமாக நின்றால் யாராவது அதை வாங்கலாம், சுற்றிலும் வேலி போடலாம், டிக்கெட் விற்கலாம். நிலையில்லாததை யாரும் சொந்தமாக்க முடியாது. அப்புறம், போய்விடும் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் கிளம்பி வருகிறார்கள், கூர்ந்து பார்க்கிறார்கள்.

அவ்வளவு துணியும் குப்பையாகாதா?

பொருட்களை மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள், இடத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தார்கள். மயாமித் தீவுகளில் வேலை தொடங்கும் முன் அங்கே கிடந்த 40 டன் குப்பையை அகற்றினார்கள்.

இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

எதற்கும் பயன்படாதவை, அழகுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் மட்டுமே செய்தவை என்று இருவரும் சொன்னார்கள். சிலர் இதை மழுப்பல் என்று நினைக்கிறார்கள். எதை வரைந்தாலும் அரசுக்குப் பயன்பட வேண்டும் என்ற நாட்டிலிருந்து தப்பி வந்தவர் 'பயனற்றது' என்ற சொல்லைப் பெருமையோடு சொல்கிறார். அதில் எனக்கு ஒரு மழுப்பலும் தெரியவில்லை.

இவர்களைப் போல வேறு இணைகள் உண்டா?

இரண்டு இணைகள் நினைவுக்கு வருகிறார்கள். நிகழ்த்துக் கலைஞர்களான மரீனா அப்ரமோவிச்சும் உலாயும் சீனப் பெருஞ்சுவரின் இரண்டு முனைகளிலிருந்து நடந்து வந்து நடுவில் சந்தித்துத் திருமணம் செய்துகொள்வதாக இருந்தது. அனுமதி வர வருடங்கள் ஆயின. அதற்குள் உறவு உடைந்தது. 1988-இல் மூன்று மாதம் நடந்து, சந்தித்துப் பிரிந்தார்கள். மோரிஸ், காத்யா கிராஃப்ட் தம்பதி எரிமலைகளைத் தேடி உலகெங்கும் போய்ப் படமெடுத்தார்கள். விஞ்ஞானிகள்தான், ஆனால் அவர்கள் எடுத்த காட்சிகள் ஓவியங்கள். 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலை அவர்களைக் கொண்டுபோனது.

ழான்-குளோட் போனபின் கிறிஸ்டோ என்ன செய்தார்?

2009 நவம்பர் 18 அன்று ழான்-குளோட் மறைந்தார். யாராவது ஒருவர் மிஞ்சினால் வேலையை முடிக்கவேண்டும் என்பதுதானே ஏற்பாடு. கிறிஸ்டோ முடித்தார்.

1970-இலேயே இருவரும் யோசித்த மிதக்கும் பாதைக்கு, தென் அமெரிக்காவிலும் டோக்கியோவிலும் அனுமதி கிடைக்கவில்லை. 2016 ஜூனில் இத்தாலியின் இசேயோ ஏரியில் அது நடந்தது. 2,20,000 மிதவைப் பெட்டிகளின்மேல் மஞ்சள் துணி விரித்து, 3 கிலோமீட்டர் நீளப் பாதை. 12 லட்சம் பேர் தண்ணீரின்மேல் நடந்தார்கள், நிறையப் பேர் வெறுங்காலோடு.

அடுத்தது பாரிஸின் வெற்றி வளைவு. இளைஞனாகக் கிறிஸ்டோ அதன் அருகில்தான் ஒரு சின்ன அறையில் குடியிருந்தார். 1962-இல் அதைப் போர்த்தியதுபோல் ஒரு படமும் செய்திருந்தார். 2020 வசந்தத்தில் நடக்கவேண்டியது, வளைவில் கூடு கட்டும் வல்லூறுகளுக்காக முதலில் தள்ளிப்போனது, பிறகு கொரோனாவால் மறுபடி தள்ளிப்போனது. 2020 மே 31 அன்று கிறிஸ்டோ இறந்தார். அவருடைய சகோதரர் மகன் விளாதிமிரும் பழைய குழுவினரும் 2021 செப்டம்பரில் அதை முடித்தார்கள். வெள்ளியும் நீலமும் கலந்த துணி, சிவப்புக் கயிறு, 16 நாட்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. அபுதாபி பாலைவனத்தில் 4,10,000 எண்ணெய்ப் பீப்பாய்களால் 150 மீட்டர் உயரத்தில் ஒரு மஸ்தபா, அதாவது பக்கங்கள் சரிந்து மேற்புறம் தட்டையாக இருக்கும் பழங்கால எகிப்தியக் கல்லறை வடிவம். 1977 முதல் இருவரும் கண்ட கனவு. இது மட்டும்தான் நிரந்தரமாக நிற்கவேண்டும் என்று நினைத்தார்கள்.

ஒன்றை நேரில் பார்க்க முடிந்திருந்தால் எதைப் பார்ப்பீர்கள்?

யோசிக்கவே வேண்டாம், ஓடும் வேலியைத்தான். 1976 செப்டம்பரில், காலை வெயிலில், மாடுகள் மேயும் குன்றுகள் மேல் அந்த வெள்ளைத் துணி காற்றில் புடைத்து ஓடுவதைப் புகைப்படங்களில் பார்த்தாலே போதும், கிளம்பிப் போகலாம்போல் இருக்கும். மாடுகளும் கார்களும் போக இடம் விட்டு, 14 சாலைகளைக் கடந்து, ஒரு சிற்றூரின் நடுவே புகுந்து, கடைசியில் பசிபிக் கடலுக்குள் இறங்கியது. 14 நாள் முடிந்ததும் பிரித்தார்கள். துணியையும் கம்பங்களையும் கம்பிகளையும், நிலம் கொடுத்த பண்ணைக்காரர்களிடமே கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.